எண்ணைப் பார்க்கும் முன்

ஆட்டம் முடிந்த கையோடு ஃபோனை எடுத்து, நகர்த்தல்களை உள்ளிட்டு, எஞ்சின் என்ன சொல்கிறது என்று பார்ப்பது இன்று செஸ் ஆடும் எல்லோரிடமும் ஊறிவிட்ட பழக்கம். பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கும். மேலே +0.8 என்றோ −2.3 என்றோ ஓர் எண் நிற்கும். அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த உலகச் சாம்பியனைவிடவும் வலுவாக ஆடக்கூடிய ஒன்றின் தீர்ப்பு அது. ஆனால் போட்டி அரங்கில் உங்கள் முன்னால் பலகையும் கடிகாரமும் மட்டும்தான் இருக்கும். யார் கை ஓங்கியிருக்கிறது, எதனால், இனி நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் நீங்களேதான் பதில் தேட வேண்டும். அந்தத் திறனை வளர்ப்பதற்காகவே இந்த அத்தியாயம். எஞ்சினை எப்போது திறப்பது, திறந்தபின் அதனிடம் என்ன கேட்பது என்பதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி.

அந்த எண் எதைச் சொல்கிறது

கணினி ஒன்று செஸ் நிலையை எப்படி எடைபோடலாம் என்று 1950-ல் கிளாட் ஷானன் ஒரு கட்டுரையில் விளக்கினார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இரட்டைச் சிப்பாய், தனிச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரைப்புள்ளி கழிவு. காய்கள் போகக்கூடிய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதல். இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்தால் கிடைப்பதே மதிப்பீடு. +1 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவு சாதகம். பல பத்தாண்டுகளுக்கு எஞ்சின்கள் இந்த யோசனையைத்தான் மேலும் மேலும் நுணுக்கமாக்கின. ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு, திறந்த வரிசையில் நிற்கும் யானைக்கு இவ்வளவு என்று மனிதர்களே எடைகளைத் தீர்மானித்துக் கொடுத்தார்கள்.

2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 என்ற எஞ்சின் இதை மாற்றியது. ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யு நாசு 2018-ல் வடிவமைத்த சிறிய நரம்பு வலையமைப்பு முறையை அது எடுத்துக்கொண்டது. கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்துத் தானே பழகிய வலையமைப்பு இப்போது மதிப்பிடுகிறது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் எண்ணின் பொருளே மாறியது. +1 என்றால், தனக்கு நிகரான வலுவுள்ள எதிராளியிடம் வெல்ல ஸ்டாக்ஃபிஷுக்கு 50 விழுக்காடு வாய்ப்பு. ஒரு சிப்பாயின் மதிப்புக்கும் அந்த எண்ணுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அத்தோடு அறுந்துவிட்டது. "ஒரு சிப்பாய் கூட இருக்கிறது, ஆனால் 0.4-தான் காட்டுகிறதே" என்று குழம்பும் மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அங்கே சொல்லப்படுவது ஸ்டாக்ஃபிஷ் ஸ்டாக்ஃபிஷோடு ஆடும் ஆட்டம். மனிதர்களின் கணக்கு வேறு. லைசெஸ் தளம் எஞ்சின் எண்ணை வெற்றி வாய்ப்பாக மாற்ற, மனிதர்கள் ஆடிய ஆட்டங்களின் தரவிலிருந்து உருவாக்கிய ஒரு வாய்ப்பாட்டைப் பயன்படுத்துகிறது. அதன்படி +1 என்பது ஏறக்குறைய 59 விழுக்காடு, +3 என்பது 75 விழுக்காடு. அதாவது எஞ்சின் முடிந்த கதையாக நினைக்கும் +3 நிலைகூட மனிதர்களின் கையில் முடிந்த கதை இல்லை. உங்கள் மகள் +3-ல் இருந்த ஆட்டத்தைத் தோற்றுவிட்டாள் என்று வருந்தும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணோடு சேர்த்து ஆழமும் காட்டப்படும். 20 ஆழம் என்றால் இரு தரப்பும் சேர்ந்து சுமார் 20 நகர்த்தல்கள், அதாவது ஆளுக்குப் பத்து. எல்லாக் கிளைகளையும் அது அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. பயனற்றவை என்று தோன்றும் கிளைகளைப் பாதியில் வெட்டிவிடும். சிக்கலான நிலையில் 15 ஆழத்தில் வரும் எண்ணும் 35-ல் வரும் எண்ணும் முற்றிலும் மாறியிருக்கலாம். ஃபோனில் முதல் விநாடியில் தோன்றும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

0.00-க்குள் என்னவெல்லாம் இருக்கிறது

மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் எண் பூஜ்யம். இரு தரப்பும் பிழையே இல்லாமல் ஆடினால் டிரா என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தப் பிழையில்லாத ஆட்டத்தை யார் எளிதாக ஆட முடியும் என்பதை அது சொல்வதில்லை.

யானை எதிர் யானை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்ற நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் ராணியாகும் கட்டத்தில் உங்கள் ராஜா நிற்கிறார், யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது கிடைவரிசையைக் காக்கிறது. எதிராளி சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோரின் பெயரால் வழங்கும் தற்காப்பு இது. தெரிந்தவருக்குச் சுலபமான டிரா, தெரியாதவருக்குத் தோல்வி. எஞ்சின் இரண்டு பேருக்கும் 0.00-தான் காட்டும்.

யானையும் மந்திரியும் சேர்ந்து தனி யானையை எதிர்க்கும் முடிவாட்டம் இன்னும் கடுமையானது. பெரும்பாலான நிலைகள் கோட்பாட்டளவில் டிரா. ஆனால் ஐம்பது நகர்த்தல் விதி வந்து காப்பாற்றும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கிராண்ட்மாஸ்டர்களே இதில் தோற்றிருக்கிறார்கள். மந்திரி வைத்திருப்பவர் எந்த ஆபத்தும் இல்லாமல் முயன்றுகொண்டே இருக்கலாம். இப்படி ஒருவர் மட்டும் பாடுபடும் நிலையைச் சமநிலை என்று உங்கள் நோட்டில் எழுதக் கூடாது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம், அதுவரை ஸ்கோர் 6.5–6.5. டிங் லிரன் வெள்ளை, குகேஷ் கறுப்பு. பலகையில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, கொஞ்சம் சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பார்வையாளர்களின் திரைகளில் பட்டை நடுவிலேயே நின்றது, டிரா என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானைகளை மாற்ற வழிவிட்டார். யானைகள் மாறின. குகேஷ் மந்திரியை டி5-ல் வைத்தார். ஏ8 மூலையில் இருந்த டிங்கின் மந்திரிக்கு அந்த மாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அது கறுப்புக்கு வெற்றி. 58-ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

இந்த நிலையைப் பலகையில் வைத்து, எஞ்சினைத் திறக்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் காய்கள் மாறினால் யாருக்கு நல்லது? யானைகள் மட்டும் மாறினால்? மந்திரிகளும் மாறினால்? எல்லாம் மாறினால் கறுப்பு வெல்கிறது, மந்திரி மூலையில் மாட்டியிருக்கிறது என்பது தெரிந்ததும் வெள்ளை எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். 0.00 என்ற எண்ணில் இந்த எச்சரிக்கை எங்கும் எழுதப்படவில்லை. காய்ச்சல்மானி 102 காட்டும், ஆனால் காய்ச்சல் எதனால் வந்தது என்று சொல்லாது. எஞ்சின் எண்ணும் அப்படித்தான். காரணம் பலகையில்தான் இருக்கிறது.

எஞ்சின் இல்லாமல் எடைபோடுவது

எஞ்சின் வரும் முன்பே ஆட்டக்காரர்களுக்கு மதிப்பீட்டு மொழி ஒன்று இருந்தது. 1966-ல் பெல்கிரேடில் தொடங்கிய 'செஸ் இன்ஃபார்மன்ட்' இதழ், எந்த மொழிக்காரரும் படிக்கும்படி சில குறிகளை உலகம் முழுக்கப் பரப்பியது. சமம் என்றால் =, வெள்ளை தெளிவாக மேல் என்றால் ±, வெற்றி நிலை என்றால் +−. தெளிவில்லை என்பதற்கு ∞ என்று ஒரு குறியும் உண்டு. கடைசிக் குறி இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது, எஞ்சினிடம் அதற்கு இடமில்லையே. எனக்கு அது மிகவும் தேவையான குறியாகத் தோன்றுகிறது. ஒருவருக்குக் காய் கூடுதல், மற்றவருக்குத் தாக்குதல், கணக்கு முடியவில்லை என்றால் தெளிவில்லை என்று எழுதுவதுதான் நேர்மையான தீர்ப்பு. அப்படி எழுதினால், இந்த இடத்தில் நேரம் செலவழித்துக் கணக்கிட வேண்டும் என்ற முடிவும் உடனே வரும்.

நிலையைப் பார்க்கும்போது காய்க்கணக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். அதை ஒரு விநாடியில் முடித்துவிட்டு ராஜாக்களிடம் போங்கள். ராணிகள் பலகையில் இருக்கும் வரை ராஜாவின் பாதுகாப்பே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. எதிரி ராஜாவைச் சுற்றித் தாக்கவும் காக்கவும் எத்தனை காய்கள் வந்து சேர முடியும் என்று எண்ணிப் பார்த்தாலே பல நிலைகளின் தீர்ப்பு கிடைத்துவிடும்.

அடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் மிக மோசமாக நிற்கும் காய் எது என்று தேடுங்கள். பாகுவின் விளாடிமிர் மகோகோனோவ் தன் மாணவர்களுக்குக் கற்றுத்தந்ததாகப் புகழ்பெற்ற விதி ஒன்று உண்டு. கணக்கிடத் தாக்குதல் எதுவும் இல்லாத நிலையில், மோசமாக நிற்கும் காயைச் சீர்படுத்து. மதிப்பீட்டுக்கும் இதே விதி உதவும். உங்கள் மோசமான காய் இரண்டு நகர்த்தலில் நல்ல இடத்துக்குப் போய்விடும், எதிராளியுடையது எங்கேயும் போக முடியாது என்றால், காய்க்கணக்கு சமமாக இருந்தாலும் நீங்கள்தான் மேல்.

சிப்பாய்களைக் கடைசியில் பாருங்கள், ஆனால் அதிக நேரம் பாருங்கள். மற்ற காய்கள் இடம் மாறும், சிப்பாய்கள் பின்னோக்கி வராது. எங்கே தடையற்ற சிப்பாய் உருவாக முடியும், எந்தக் கட்டத்தைச் சிப்பாயால் இனி காக்கவே முடியாது என்பதைப் பார்த்துவிட்டு மேலே சொன்ன மாற்றக் கேள்விக்கு வாருங்கள். இந்தக் கேள்வியை நான் மிகவும் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. திட்டமும் மதிப்பீடும் ஒன்றாகச் சேரும் இடம் அதுதான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கீழே உள்ளதைப் பலகையில் அடுக்குங்கள். வெள்ளை: ராஜா ஜி1, யானைகள் ஏ1, எஃப்1, மந்திரி சி1, குதிரைகள் பி1, எஃப்3, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, இ5, எஃப்2, ஜி2, ஹெச்2. கறுப்பு: ராஜா டி8, யானைகள் ஏ8, ஹெச்8, மந்திரிகள் சி8, எஃப்8, குதிரை எஃப்5, சிப்பாய்கள் ஏ7, பி7, சி7, சி6, எஃப்7, ஜி7, ஹெச்7. நகர்த்த வேண்டியது வெள்ளை. ரூய் லோபஸ் தொடக்கத்தின் பெர்லின் தற்காப்பில் எட்டு நகர்த்தல்களுக்குப் பின் வரும் நிலை இது.

முதல் பார்வைக்குக் கறுப்பு பரிதாபமாகத் தெரியும். ராஜா நடுவில், காஸ்லிங் உரிமை போய்விட்டது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய். வெள்ளை காஸ்லிங் முடித்துவிட்டது. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று, ஆகவே வெள்ளை அங்கே ஒரு தடையற்ற சிப்பாயை உருவாக்கலாம். மறுபக்கம் கறுப்புக்கு நான்குக்கு மூன்று இருந்தாலும் இரட்டைச் சிப்பாயால் அது எளிதில் பயன்படாது. எல்லாக் காய்களும் மாறி ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெள்ளை வெல்லும்.

இப்போது மாற்றக் கேள்வியை இன்னும் நுணுக்கமாகக் கேளுங்கள். எல்லாம் மாறினால் வெள்ளைக்கு நல்லது, சரி. ஆனால் மாறுவதற்கு முன் என்ன நடக்கும்? ராணிகள் இல்லை, எனவே டி8 ராஜாவை மேட் செய்யப் படை போதாது. அந்த ராஜா முடிவாட்டத்துக்கு ஏற்கனவே நடுவில் வந்து நிற்கிறார் என்றும் சொல்லலாம். கறுப்பிடம் இரண்டு மந்திரிகளும் இருக்கின்றன. வெள்ளையின் வெண்கட்ட மந்திரி போய்விட்டது, அதன் இ5 சிப்பாயோ கருங்கட்டத்தில் நிற்கிறது. ஆகவே எஃப்5, இ6 போன்ற வெண்கட்டங்கள் கறுப்பின் காய்களுக்கு வசதியான தங்குமிடங்கள். கறுப்பின் சிப்பாய்களில் எளிதில் தாக்கக்கூடிய பலவீனம் எதுவும் இல்லை. வெள்ளையின் ராஜா பக்கச் சிப்பாய்ப் பெரும்பான்மையை முன்னே தள்ளினால் பின்னால் ஓட்டை விழும். ஆக, வெள்ளைக்குச் சிறிய சாதகம், கறுப்பு உறுதியாகத் தாங்கும் என்பது தீர்ப்பு. வெள்ளை காய்களை மாற்றப் பார்க்க வேண்டும், குறிப்பாக ஒரு மந்திரியையாவது. கறுப்பு மந்திரி ஜோடியைக் காத்துக்கொண்டு, ராஜாவுக்கு ஒரு நிம்மதியான இடம் தேட வேண்டும்.

2000-ல் லண்டனில் கேரி காஸ்பரோவோடு மோதிய விளாடிமிர் கிராம்னிக் எடுத்த தீர்ப்பும் இதுதான். அந்நாளைய எஞ்சின்களின் கணக்கில் காஸ்லிங் இழப்பும் இரட்டைச் சிப்பாயும் பெரிய கழிவுகள். கிராம்னிக் தன் கணிப்பை நம்பி பெர்லினை நான்கு ஆட்டங்களில் ஆடினார். நான்கும் டிரா. காஸ்பரோவால் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை, 8.5–6.5 என்று உலகச் சாம்பியன் பட்டம் கைமாறியது. இன்றைய எஞ்சின்கள் இந்த நிலையில் வெள்ளைக்குச் சிறிய சாதகமே காட்டுகின்றன. மனிதத் தீர்ப்பு முதலில் வந்தது, எண் பிறகு வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

நோட்டுப் பயிற்சி

ஒரு தனி நோட்டு வாங்குங்கள். நீங்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்தே நிலைகளை எடுங்கள், அதுவும் நீங்கள் நீண்ட நேரம் யோசித்த இடங்களை. காயைத் தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள். பிறகு யார் மேல் என்பதைச் சொல்லால் எழுதுங்கள்: சமம், சிறிய சாதகம், தெளிவான சாதகம், வெற்றி, அல்லது தெளிவில்லை. அதன் கீழே காரணம் ஒரே வாக்கியத்தில். அதன் கீழே இரு தரப்பும் அடுத்து என்ன செய்ய விரும்பும் என்பது. கடைசியாக, யாருக்கு ஆடுவது எளிது. இந்தக் கடைசி வரி தனியாக இருப்பது அவசியம். சமம், ஆனால் கறுப்புக்கு எளிது என்று எழுத முடிகிறவர்தான் நிலையைப் படித்திருக்கிறார்.

எண்ணாக எழுத வேண்டாம். 0.6 என்று ஊகித்து, எஞ்சின் 0.7 காட்டியதும் மகிழ்வதில் கற்றல் எதுவும் இல்லை.

பிறகுதான் எஞ்சின். உங்கள் சொல்லும் அதன் எண்ணும் ஒரு படி தள்ளியிருந்தால் கவலைப்படாமல் அடுத்ததற்குப் போங்கள். நீங்கள் சமம் என்று எழுதிய இடத்தில் அது +2.5 காட்டினால் அந்த நிலைதான் இன்றைய பாடம், முழு மாலையையும் அதற்கே கொடுங்கள். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒரு தந்திர வரிசையை நீங்கள் பார்க்கவில்லை என்றால், குறை கணக்கிடலில். அது காட்டும் முதல் ஐந்து நகர்த்தலில் யாரும் எதையும் வெட்டவில்லை, செக் இல்லை, ஆனாலும் +2.5 என்றால் குறை மதிப்பீட்டில். இந்த வேறுபாட்டை நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்குத் தேவை புதிர்ப் பயிற்சியா, நல்ல ஆட்டங்களைப் பொறுமையாகப் படிப்பதா என்பதை அந்தக் குறிப்புகளே காட்டிவிடும்.

எஞ்சினிடம் கேட்கும் முறை

ஒரே வரியைக் காட்டும்படி வைத்திருந்தால் மாற்றுங்கள், மூன்று வரிகளாவது தெரியட்டும். மூன்றுக்கும் ஒரே அளவு எண் என்றால் அந்த நிலையில் பலவழி உண்டு, தவறு செய்வது கடினம். முதல் வரி 0.00, இரண்டாவது −3 என்றால் நீங்கள் ஒற்றைப் பாலத்தில் நிற்கிறீர்கள். இரண்டு நிலைக்கும் பட்டை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஸ்டாக்ஃபிஷ், லீலா ஆகிய இரண்டு எஞ்சின்களிலும் வெற்றி, டிரா, தோல்வி வாய்ப்புகளைத் தனித்தனியாகக் காட்டும் வசதி உண்டு. அதை இயக்கி வையுங்கள். +0.5 காட்டும் இரண்டு நிலைகளில் ஒன்று ஏறக்குறைய முழுதும் டிராவாக இருக்கும். மற்றதில் இரு பக்கமும் தோல்வி வாய்ப்பு கணிசமாக இருக்கும். கடைசிச் சுற்றில் கட்டாயம் வெல்ல வேண்டிய ஆட்டத்துக்கு எந்தத் தொடக்கம் ஆடலாம் என்று முடிவெடுக்க இது மிகவும் உதவும். கிங்ஸ் இந்தியன் தற்காப்புக்கு எஞ்சின்கள் கறுப்புக்குப் பாதகமாகவே எண் கொடுக்கும். சிக்கலான நடுவாட்டம் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைத் தெரிந்தே ஆடுகிறார்கள்.

எதிராளியின் மிரட்டல் புரியவில்லையென்றால் ஒரு முறை உங்கள் நகர்த்தலை விட்டுக்கொடுத்துப் பாருங்கள். லைசெஸ் பகுப்பாய்வுப் பலகையில் எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளி என்ன செய்ய நினைக்கிறார் என்பதைக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த முறை இது: நிலையைக் கொஞ்சம் மாற்றி வைத்துக் கேட்பது. குதிரையின் இடம் முக்கியம் என்று நினைக்கிறீர்களா? அதை எடுத்து வேறு கட்டத்தில் வைத்து எண் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். ஹெச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வையுங்கள். இரு பக்கத்திலிருந்தும் யானைகளை எடுத்துவிடுங்கள். மேலே பார்த்த பெர்லின் நிலையில் கறுப்பின் ஒரு மந்திரியையும் வெள்ளையின் ஒரு குதிரையையும் நீக்கிப் பாருங்கள், பிறகு எல்லாக் காய்களையும் நீக்கிவிட்டு ராஜாக்களையும் சிப்பாய்களையும் மட்டும் விட்டுப் பாருங்கள். மாற்றக் கேள்விக்கு நீங்கள் கொடுத்த பதிலை எஞ்சின் வரி வரியாகச் சோதித்துக் கொடுக்கும். +0.4 ஏன் என்று அதனிடம் நேரடியாகக் கேட்க முடியாது. இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டால் பதில் கிடைக்கும்.

எண் அசையாமல் நிற்கும் இடங்கள்

எஞ்சின் தவறும் இடங்களில் முக்கியமானது அசைக்க முடியாத அரண். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் 2017-ல் வெளியான ஒரு நிலையில் கறுப்பிடம் ராணி, இரண்டு யானைகள், மூன்று கருங்கட்ட மந்திரிகள். வெள்ளையிடம் ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும். அன்றைய எஞ்சின்கள் கறுப்புக்குப் பிரம்மாண்டமான சாதகம் காட்டின. ஆனால் ராணியும் யானைகளும் சிப்பாய்ச் சுவருக்குப் பின்னால் அடைபட்டிருக்கின்றன, மந்திரிகள் எல்லாம் கருங்கட்டங்களில் மட்டுமே போகும். வெள்ளை ராஜா வெண்கட்டங்களில் உலாவிக்கொண்டே இருந்தால் டிரா. சற்றே செஸ் தெரிந்த மனிதர் சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

நம் ஆட்டங்களில் இவ்வளவு விசித்திரமாக வராது. வேறு நிற மந்திரிகளோடு ஒரு சிப்பாய் கூடுதல், முழுதும் அடைபட்ட சிப்பாய்ச் சங்கிலி, ராணியை எதிர்த்துச் சிப்பாயின் காவலில் நிற்கும் யானை என்றுதான் வரும். சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் காட்டும் சிறந்த வரியில் பத்து நகர்த்தல் முன்னே போங்கள். உண்மையான சாதகமாக இருந்தால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். +2.1-ல் தொடங்கி, காய்கள் அங்குமிங்கும் அலைந்து, மறுபடி +2.1-லேயே நின்றால் உடைக்க வழியே இல்லை என்று சந்தேகப்படுங்கள். ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருந்தால் சந்தேகமே வேண்டாம், சிஸிஜி முடிவாட்ட அட்டவணைகளில் அறுதியான விடை இருக்கிறது. இரு ராஜாக்களையும் சேர்த்துத்தான் ஏழு.

சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு

"எஞ்சின் 0.8 சொல்லுது சார்" என்று மாணவர் சொன்னால், "சரி, எதனால்?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை திரையை மூடி வையுங்கள். சென்னையில் குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் தரத்தை நெருங்கும் வரை அவரை எஞ்சின் பயன்படுத்தாமலேயே வளர்த்தார் என்பது செஸ் உலகம் அறிந்த செய்தி. எல்லா மாணவர்களுக்கும் அந்த வழி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், அதற்கு எப்போதும் கூடவே உட்கார்ந்து பார்க்கும் ஆசிரியர் வேண்டும். ஆனால் ஆட்டம் முடிந்து, இரு ஆட்டக்காரர்களும் பலகையில் சேர்ந்து அலசி, நோட்டில் எழுதி முடிக்கும் வரையாவது எஞ்சினைத் தள்ளிப்போட எந்தப் பயிற்சியகத்தாலும் முடியும். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டத்துக்கு எஞ்சின் தரும் துல்லிய விழுக்காட்டை வைத்துக் குழந்தையை அளக்காதீர்கள். சீக்கிரம் காய்களை மாற்றிவிட்டு இருபது நகர்த்தலில் டிரா செய்த ஆட்டத்துக்குத்தான் அது அதிக மதிப்பெண் போடும்.

இந்த வாரப் பயிற்சி

இணைய ஆட்டத் தொகுப்புகளில் இரண்டு ஆட்டங்களைத் தேடி எடுங்கள். முதலாவது 1953 சூரிச் போட்டியில் ரெஷெவ்ஸ்கி பெட்ரோசியனோடு ஆடியது. கறுப்பின் 25-ஆவது நகர்த்தலுக்கு முன் நிறுத்துங்கள். வெள்ளையின் மையச் சிப்பாய்கள் உருண்டு வரக் காத்திருக்கின்றன, கறுப்பின் காய்கள் நெரிசலில் இருக்கின்றன. கறுப்பின் மோசமான காய் எது, அது போய்ச் சேர வேண்டிய கட்டம் எது, அந்த வழியில் குறுக்கே நிற்பது எது என்று எழுதுங்கள். எழுதியபின் அடுத்த நகர்த்தலைப் பாருங்கள். பெட்ரோசியன் யானையை இ6-ல் கொண்டுபோய் மந்திரி வெட்டும்படி வைக்கிறார். காலியான இ7 வழியாகக் குதிரை டி5-க்குப் போய் உட்கார்ந்து மையச் சிப்பாய்களை நிறுத்திவிடுகிறது. பிறகு ரெஷெவ்ஸ்கியும் யானையைத் திருப்பிக் கொடுத்தார், ஆட்டம் டிரா. இ6-க்கு முன்னும் பின்னும் எஞ்சின் எண்ணைக் குறித்து, வெள்ளை யானையை வாங்கிக்கொண்டபின் எது மாறியது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

இரண்டாவது 1998 லினாரஸில் டோபலோவ் ஷிரோவோடு ஆடியது. கறுப்பின் 47-ஆவது நகர்த்தலுக்கு முன் நிறுத்துங்கள். வேறு நிற மந்திரிகள், கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல். பலரும் டிரா என்று எழுதும் நிலை. கறுப்பு ராஜா எந்தக் கட்டத்தை அடைந்தால் வெல்லலாம், அதற்கு எத்தனை நகர்த்தல் குறைகிறது என்று எண்ணுங்கள். ஷிரோவ் மந்திரியை ஹெச்3-ல் கொண்டுபோய்ச் சிப்பாய்க்கு இரையாக வைத்தார், அந்த ஒரு நகர்த்தல் நேரத்தைச் சம்பாதிக்க மட்டும். அக்கால எஞ்சின்களுக்கு அது எட்டவில்லை. உங்கள் ஃபோனில் உள்ள எஞ்சினை ஆழம் 15-ல் நிறுத்தி ஒருமுறையும், சில நிமிடம் ஓடவிட்டு ஒருமுறையும் பார்த்து, இரண்டு விடைகளையும் உங்கள் தீர்ப்புக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.